ஓட்டமும் நிறையும்

“எல்லாம் சார்புடையதே என்று ஐன்ஸ்டைனே நிறுவிவிட்டார். அப்படியிருக்க, இது அறம், இது மறம் என்று நிலையாகச் சொல்ல யாரால் இயலும்?” படித்தவர்கள் கூடிப் பேசும் இடங்களில் இவ்வினாவை நம்மில் பலர் கேட்டிருப்போம். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் சார்புக் கோட்பாட்டைக் கற்றுவிட்டுக் கேட்பதில்லை. மறுமொழி கூறப் புறப்படும் நாமும் பெரும்பாலும் அதைக் கற்றுவிட்டுக் கூறுவதில்லை. ஓர் அறிவியல் கோட்பாட்டின் பெயர் மட்டும் இரு தரப்பார் கையிலும் வாளாகச் சுழல்கிறது.

அக்கோட்பாட்டின் உள்ளே சற்று நுழைந்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் பொறுமையாக ஆராய்ந்தால் என்ன? ஒரு பொருள் விரைந்து ஓடினால் அதன் நிறை கூடுமா? கூடினால், அதன் ஈர்ப்பும் கூடுமா? இது இயற்பியல் வகுப்பில் மாணவர் எழுப்பும் கேள்விதான். ஆயினும் அதற்குள் நம் வாழ்வைத் தொடும் இன்னொரு கேள்வி அடங்கியுள்ளது. ஒன்றுக்கு உண்மையிலேயே சொந்தமானது எது? அதைக் காண்பவர் நிற்கும் இடத்தால் மட்டும் தோன்றுவது எது? மனிதரை எடைபோட்டே பழகிவிட்ட நாம் அனைவரும் விடை தேட வேண்டிய கேள்வி இது.

கூடுவதாகத் தோன்றும் நிறை

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் வால்டர் காஃப்மன் என்னும் அறிஞர், ரேடியத்திலிருந்து பாய்ந்துவரும் எலக்ட்ரான்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். விரைவு மிக்க எலக்ட்ரான்கள் எதிர்பார்த்த அளவுக்கு வளையவில்லை. விரைவு ஏற ஏற அவற்றின் நிறை கூடுவது போலத் தோன்றியது. 1905இல் ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாடு இதற்குத் தெளிவான கணக்கைத் தந்தது. ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 87 பங்கு வேகத்தில் செல்லும் பொருளின் மொத்த ஆற்றல், அது ஓய்வில் இருக்கும்போது கொண்டுள்ள ஆற்றலைப் போல் இருமடங்காகும். ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க இப்பெருக்கத்துக்கு எல்லையே இல்லை. ஜெனீவா நகருக்கு அருகே நிலத்தடியில் அமைந்த 27 கிலோமீட்டர் வளையத்தில் 2022இல் புரோட்டான்களை ஓட்டியபோது, ஒவ்வொன்றின் ஆற்றலும் ஓய்வுநிலை ஆற்றலைப் போல் 7,000 மடங்கைத் தாண்டியிருந்தது.

ஆற்றலும் நிறையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்பதால், பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் இதனை ‘வேகம் கூடினால் நிறை கூடும்’ என்று சுருக்கி எழுதின. கேட்பதற்குக் குற்றமற்ற வாசகம். ஆனால் அதை அப்படியே நம்பி அடுத்த அடியை எடுத்து வைத்தால் பள்ளத்தில் விழுவோம்.

ஒரு பொருளின் நிறை முழுவதும் மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கினால், ஒளியும் தப்ப இயலாத கருந்துளையாக அது மாறிவிடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு தரும் முடிவு. நம் பூமி அவ்வாறு மாற வேண்டுமானால், அதனை 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கோலிக்குண்டாக நெருக்க வேண்டும். நிறை கூடினால் இந்த எல்லை ஆரமும் அதே விகிதத்தில் கூடும். அப்படியானால், எதையும் நெருக்காமலேயே, வெறும் ஓட்டத்தால் மட்டும் ஒரு பொருளைக் கருந்துளையாக்கிவிடலாம் அன்றோ?

வானிலிருந்து வந்த துகள்

1991 அக்டோபர் 15 அன்று, அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் அமைந்திருந்த கருவிகள், விண்வெளியிலிருந்து வந்து காற்றுமண்டலத்தில் மோதிய ஒரு துகளின் ஒளித்தடத்தைப் பதிவு செய்தன. அணுவினும் சிறிய அத்துகள், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்துக்கு நிகரான ஆற்றலைச் சுமந்து வந்தது. அது ஒரு புரோட்டான் எனக் கொண்டால், அதன் ஆற்றல் ஓய்வுநிலை ஆற்றலைப் போல் ஏறத்தாழ 34,000 கோடி மடங்கு.

இப்போது நாம் அத்துகளின்மேல் அமர்ந்து பயணம் செய்வதாக எண்ணிக்கொள்வோம். சீராகச் செல்லும் எவரும் ‘நான் நிற்கிறேன், மற்றவை ஓடுகின்றன’ என்று சொல்ல உரிமை உடையவர் என்பது சார்புக் கோட்பாட்டின் அடிப்படை. எனவே அத்துகளின் பார்வையில் துகள் அசையாது நிற்கிறது. நம் பூமிதான் அதை நோக்கிப் பாய்ந்து வருகிறது. ‘ஓடினால் நிறை கூடும்’ என்பது பொருளைப் பற்றிய உண்மையானால், அக்கணத்தில் பூமியின் நிறை 34,000 கோடி மடங்காகியிருக்க வேண்டும். அதன் எல்லை ஆரம் 9 மில்லிமீட்டரிலிருந்து 30 லட்சம் கிலோமீட்டராகப் பெருகியிருக்கும். பூமியின் ஆரமோ 6,400 கிலோமீட்டர்தான். இக்கணக்கின்படி கடலும் மலையும் கோயிலும் குடிசையும் அன்றே கருந்துளைக்குள் மறைந்திருக்க வேண்டும்.

ஒன்றும் நிகழவில்லை. அன்று தண்ணீர்க் குடம் தூக்கிய எந்தப் பெண்ணுக்கும் குடம் சற்றும் கூடுதலாகக் கனக்கவில்லை. பூமி கருந்துளையாவதும் ஆகாததும் அதைக் கடந்து செல்பவரின் வேகத்தைப் பொறுத்தது அன்று. ஒருவர் நம்மைக் கடந்து விரைவதால் நம்முள் எதுவும் மாறுவதில்லை. நாம் பிறரைக் கடந்து விரைவதாலும் நம்முள் எதுவும் மாறுவதில்லை.

ஐன்ஸ்டைனே பிற்காலத்தில் இதனை வலியுறுத்தினார். ஓடும் பொருளின் நிறை என்னும் கருத்துக்குத் தெளிவான வரையறை தர இயலாது. ஓய்வு நிறை என்ற ஒன்றை மட்டும் கையாள்வதே நலம் என்னும் பொருள்பட 1948இல் ஒரு கடிதம் எழுதினார். அதற்குத் தக்க காரணமும் உண்டு. விரைந்து செல்லும் பொருளை அது செல்லும் திசையில் தள்ளினால் ஓர் அளவு எதிர்ப்பும், குறுக்கே தள்ளினால் வேறோர் அளவு எதிர்ப்பும் காட்டும். தள்ளும் திசைக்கேற்ப மாறும் ஒன்றைப் பொருளின் சொந்த நிறை என்று எப்படிச் சொல்வது?

மாறாததைத் தேடும் கோட்பாடு

இங்கே நின்று, தொடக்கத்தில் கேட்ட வினாவைத் திரும்பிப் பார்ப்போம். சார்புக் கோட்பாடு ‘எல்லாம் சார்புடையதே’ என்று சொல்கிறதா? நீளம், கால அளவு, வேகம், ஓட்ட ஆற்றல் ஆகியவை காண்பவருக்கேற்ப மாறும் என்று சொல்வது உண்மை. ஆனால் ஒளியின் வேகம் எல்லாருக்கும் ஒன்றே. ஓய்வு நிறை எல்லாருக்கும் ஒன்றே. காரணம் முந்தியது, விளைவு பிந்தியது என்னும் வரிசையும் எல்லாருக்கும் ஒன்றே. ‘மாறாதவற்றின் கோட்பாடு’ என்னும் பெயரும் அந்நாளிலேயே இதற்கு முன்மொழியப்பட்டது. அப்பெயரே நிலைத்திருந்தால் எத்தனையோ வீண் வாதங்கள் ஒழிந்திருக்கும்.

மேலும், ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் வேறாக இருக்கும்போது, ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்று இக்கோட்பாடு விலகிப் போவதில்லை. என் அளவைக் கொண்டு உங்கள் அளவைத் துல்லியமாகக் கணிக்கும் விதியை அது தருகிறது. ‘நீங்கள் நிற்கும் இடத்தில் நான் நின்றிருந்தால் எனக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும்’ என்று சொல்லும் பணிவையும், ‘நம் இருவருக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு’ என்று சொல்லும் உறுதியையும் அது ஒருங்கே கேட்கிறது. ஒழுக்கச் சார்புவாதத்துக்கு இதில் இடமேது?

காண்பவரின் நிலையால் எழும் தோற்றத்தையும் பொருளின் மெய்ம்மையையும் பிரித்தறியும் இப்பணியில் ஒரு கத்தோலிக்கக் குருவின் பெயர் நிலைத்திருக்கிறது. பெல்ஜியம் நாட்டவரான அருள்தந்தை ஜார்ஜ் லெமேத்ர், 1923இல் குருப்பட்டம் பெற்று, பின்னர் லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். பேரண்டம் விரிகிறது என்னும் கருத்தை 1927இல் கணக்கோடு வெளியிட்டவர். கருந்துளையின் எல்லையில் இயற்கை விதிகளே முறிந்துபோவதாக அக்காலச் சமன்பாடுகள் காட்டின. அது உண்மையான முறிவு அன்று, கணக்கிடுபவர் தேர்ந்தெடுத்த அளவுமுறையால் எழும் தோற்றமே என்று 1933இல் லெமேத்ர் எடுத்துக்காட்டினார். தொலைவில் நிற்பவருக்கு, உள்ளே விழுகின்ற பொருள் எல்லையில் உறைந்து நிற்பதுபோல் தெரியும். விழும் பொருளுக்கோ அந்த எல்லையில் தனித்த தடை எதுவும் இல்லை.

உள்ளே நிகழும் ஓட்டம்

அப்படியானால் ஓட்டம் நிறைக்கு ஒன்றுமே சேர்ப்பதில்லையா? இங்கேதான் இயற்கை நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. ஒரு பொருள் முழுமையாகப் பிறரைக் கடந்து ஓடுவதால் அதன் நிறை கூடுவதில்லை. ஆனால் பொருளின் உள்ளே அடங்கி நிகழும் ஓட்டம் அதன் நிறையைக் கூட்டவே செய்கிறது.

ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கினால், உள்ளிருக்கும் மூலக்கூறுகள் விரைந்து ஆடுகின்றன. அப்போது தண்ணீரின் நிறை ஒரு கிராமில் ஏறத்தாழ 20 கோடியில் ஒரு பங்கு கூடுகிறது. எந்தத் தராசும் காட்டாத அளவு இது; ஆனால் காண்பவர் யாராயினும் மறுக்க முடியாத கூடுதல். ஒளிக்குத் தனியே ஓய்வு நிறை கிடையாது. எனினும் உட்புறம் முழுவதும் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் ஒளியை அடைத்து வைத்தால், அந்தப் பெட்டியின் நிறை அதற்கேற்பக் கூடும்.

அணுக்கருவுக்குள் நுழைந்தால் இவ்வுண்மை நம்மைத் திகைக்க வைக்கும். புரோட்டானுக்குள் குவார்க் எனப்படும் நுண்துகள்கள் உள்ளன. அவற்றின் சொந்த நிறைகளைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தேறும். எஞ்சிய 99 பங்கும் அக்குவார்க்குகளின் இடையறாத ஓட்டமும், அவற்றைப் பிணைத்து வைக்கும் புலத்தின் ஆற்றலும் தருவது. 60 கிலோ எடையுள்ள மனிதர் தராசில் நிற்கும்போது, ஏறத்தாழ 59 கிலோ அந்த உள்ளோட்டத்தின், உட்பிணைப்பின் கனமே. வெளியே அவர் அசையாமல் நிற்கலாம். அவருள் ஓர் ஓயாத இயக்கம் நிகழ்கிறது. அதுவே அவரைப் பூமியோடு பிணைத்து நிறுத்துகிறது.

கடந்து செல்வதும் உறவே

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். பொருளின் சொந்த நிறை மாறாது. ஆயினும் இரு பொருள்களுக்கு இடையேயான ஈர்ப்பில் ஓட்டத்துக்குப் பங்கு உண்டு. விரைந்து கடந்து செல்லும் ஒன்று, அருகில் நிற்பதற்குத் தரும் இழுப்பு, அதன் ஓய்வு நிறையைக் கொண்டு நியூட்டன் முறையில் கணிப்பதைவிட மிகுதி. ஒளியின் வேகத்தை அது நெருங்கும்போது, ‘கூடிய நிறை’ என்று நாம் போட்ட கணக்கையும் மிஞ்சி அவ்விழுப்பு இருமடங்காகிறது. 1919 மே 29 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, விண்மீன்களின் ஒளி கதிரவனருகே எவ்வளவு வளைகிறது என்று பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் அளந்தார்களே, அங்கே வெளிப்பட்டதும் இதே இருமடங்குதான். நியூட்டன் வழிக் கணக்கு 0.87 விகலை என்றது; ஐன்ஸ்டைன் சொன்னது 1.75 விகலை. அளவுகள் ஐன்ஸ்டைன் பக்கமே சாய்ந்தன.

இன்னொன்றும் உண்டு. ஒரே திசையில் இணையாகச் செல்லும் இரு ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை. எதிரெதிராகச் செல்பவை ஈர்க்கின்றன. டோல்மன், எரன்ஃபெஸ்ட், பொடோல்ஸ்கி ஆகிய மூவரும் 1931இல் இம்முடிவைக் கணக்கிட்டுக் கண்டனர். ஆக, ஓட்டத்தால் விளையும் ஈர்ப்பு தனித்த ஒரு பொருளின் உடைமை அன்று. இருவருக்கிடையே நிகழ்வது அது. அதனை உறவு என்று சொல்வதே பொருத்தம்.

இரண்டு புனிதர்கள்

இப்போது மனிதரிடம் வருவோம். நம் பங்குகளில் ஒருவரின் கனத்தை எவ்வாறு அளக்கிறோம்? திருவிழா ஏற்பாட்டில் முன்னின்று ஓடியாடுபவர், மேடையில் பேசுபவர், நாளொரு கூட்டமும் பொழுதொரு பயணமுமாக இருப்பவர் நம் கண்ணுக்குப் பெரியவராகத் தெரிகிறார். நாற்பது ஆண்டு மறைக்கல்வி கற்பித்துவிட்டு இன்று படுத்த படுக்கையாய்க் கிடக்கும் உபதேசியாரை, ‘பாவம், முடியாதவர்’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம். இதில் கொடுமை என்னவெனில், அவரும் நாளடைவில் நம் தராசையே தம் தராசாக ஏற்றுக்கொள்கிறார். ‘இனி என்னால் யாருக்கு என்ன பயன்?’ என்று அவர் கேட்கும்போது, அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்கள் நாம்தான்.

திருச்சபையின் தராசு வேறு. புனித சவேரியார் 1542இல் கோவா வந்து, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக் கரையில் காலடி பதித்தார். மலாக்காவுக்கும் மொலுக்கத் தீவுகளுக்கும் ஜப்பானுக்கும் சென்று, 1552இல் சீனக் கரையருகே சான்சியன் தீவில் உயிர் நீத்தார். பத்து ஆண்டுகளில் அவர் கடந்த கடல்களை எண்ணினால் மலைப்பு வரும். குழந்தை இயேசுவின் தெரேசாவோ 1888இல் பதினைந்து வயதில் லிசியே கார்மேல் மடத்துக்குள் நுழைந்தார். 1897இல், இருபத்து நான்கு வயதில், அம்மடத்திலேயே கண்மூடினார். எந்த மறைபரப்பு நாட்டிலும் அவர் கால் பட்டதில்லை. ஆயினும் 1927இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், சவேரியாரோடு சமமாக அவரையும் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். ஓடியவரும் ஓடாதவரும் நிகரான கனத்தோடு நம் முன் நிறுத்தப்பட்டனர். கடந்த தொலைவை அளந்திருந்தால் இது நடந்திருக்காது. இருவருள்ளும் எரிந்த அன்பின் இயக்கமே அவர்களை நிகராக்கியது.

காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்த ஆண்டவரும் இவ்வாறே அளந்தார். செல்வர் இட்டவை ஓசையோடு விழுந்திருக்கும். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளே அன்று எல்லாவற்றினும் கனத்தவை. அவை எவ்வளவு என்பதை அவர் பார்க்கவில்லை. அவளுள் எங்கிருந்து வந்தவை என்பதைப் பார்த்தார்.

அப்படியானால் வெளிச்செயல் வீண்தானா? செயலற்ற நம்பிக்கை செத்தது என்று யாக்கோபின் திருமுகம் நம்மை எச்சரிக்கிறதே? இங்கே, மேலே சொன்ன மறுபாதி உண்மையை நினைவுகொள்ள வேண்டும். நாம் செல்லும் வழியில் நிற்பவர்மேல் நம் ஓட்டம் தரும் இழுப்பு மெய்யானது. அது ஒருவரைத் தூக்கிவிடலாம், தடுமாறவும் செய்யலாம். அதற்கு நாம் பொறுப்பாளிகள். செயல் அயலாருக்கு உரியது. அதனைச் செய்தே ஆக வேண்டும். அச்செயலின் வேகத்தைக் கொண்டு நம் சொந்த மதிப்பைக் கணக்கிடுவதுதான் பிழை.

உவமையின் எல்லை

இவ்வளவும் சொன்ன பின் ஓர் எச்சரிக்கை. குவார்க்குகளின் ஓட்டத்தைக் கொண்டு அன்பின் மேன்மையை நிறுவிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய அறிவியல் முடிவுகள் படைப்பு பற்றிய நம் நம்பிக்கைக்குச் சான்றாவதாகப் போற்றிப் பேசினார். அந்த முடிவுகளுக்கு வழிவகுத்த லெமேத்ர் மகிழ்ந்திருக்கலாம். அவரோ கவலையுற்றார். தம் கோட்பாடு எந்தச் சமயக் கேள்விக்கும் அப்பாற்பட்டு நிற்பது என்று 1958இல் வெளிப்படையாகவே சொன்னார். அறிவியல் நாளை திருத்தப்படலாம். நம்பிக்கையை அதன்மேல் கட்டலாகாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். அவ்வுறுதி அவரைத் திருச்சபைக்கு அந்நியராக்கவில்லை. 1960 முதல் 1966இல் இறக்கும்வரை திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கு அவரே தலைவராக விளங்கினார்.

எனவே இயற்பியலிலிருந்து நாம் பெறுவது சான்று அன்று. உவமையும் ஒரு நல்ல பழக்கமும்தான். எதையும் அளக்குமுன், ‘இதில் பொருளுடையது எவ்வளவு, நான் நிற்கும் இடத்தால் தெரிவது எவ்வளவு?’ என்று கேட்கும் பழக்கம் அது. பிறரைத் தீர்ப்பிடாதீர்கள் என்ற ஆண்டவரின் கட்டளையைக் கைக்கொள்ள விரும்புவோர்க்கு இப்பழக்கம் பெருந்துணையாகும்.

‘நிறை’ என்னும் நம் சொல்லை எண்ணிப் பார்ப்போம். தராசுக்குப் பெயர் நிறைகோல். ஆனால் பழந்தமிழில் நெஞ்சைச் சிதறவிடாமல் காக்கும் திண்மைக்கும் நிறை என்றே பெயர். இறைவனின் மாட்சியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் ‘கனம்’ என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்ததே. அன்பே தம் எடை, தாம் எங்கே சென்றாலும் அதுவே தம்மைக் கொண்டுசெல்கிறது என்னும் கருத்தைப் புனித அகுஸ்தினார் தம் ஒப்புரவு நூலில் எழுதிவைத்தார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் புரோட்டானும் தெரியாது, குவார்க்கும் தெரியாது. தம்முள் ஓயாது இயங்கிய ஒன்று எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை அந்த உபதேசியாரின் வீட்டைக் கடக்கும்போது, சற்று நிற்போம். நின்று பார்த்தால்தான் ஒருவரின் ஓய்வு நிறை தெரியும்.